இழை அறாமல் காப்போம்

நூல் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உண்டு. கற்பார் கையில் இருக்கும் ஏடும் நூல். பஞ்சிலிருந்து திரித்தெடுக்கும் இழையும் நூல். புலவன் நூல் இயற்றுவதைப் பஞ்சிலிருந்து இழை நூற்கும் பெண்ணின் தொழிலுக்கு ஒப்பிட்டு நன்னூலின் பாயிரப் பகுதி பேசுவதைத் தமிழ் பயின்றோர் அறிவர். இரண்டையும் ஒரே சொல்லால் வழங்கிய நம் முன்னோர் இரண்டையும் ஒத்த மதிப்புடையனவாகவே கருதினர் போலும்.

பிழைப்பை நாடிச் சொந்த ஊரை விட்டு இங்கு வந்து குடியேறிய நாம், இவ்விரு நூல்களுள் முதலாவதைக் காப்பதில் ஓரளவு கருத்தாக இருந்து வருகிறோம். சங்கம் அமைத்தோம், படிப்பகம் வைத்தோம், பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து மறந்துவிடலாகாது என்று கவலைப்படுகிறோம். இரண்டாவது நூலைப் பற்றி நாம் கவலைப்பட்டதுண்டா? நம் பாட்டியர் உடுத்த புடவை எந்த ஊர்த் தறியில் நெய்யப்பட்டது, அன்னையர் பெட்டியில் கிடக்கும் பின்னல் வேலை யார் விரலில் உருவாயிற்று என்பன நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? ஒரு நாட்டின் தையற் கலையையும் நெசவுக் கலையையும் காப்பது அரசாங்கத்தின் பெரும் பணி என்று எண்ணி நாம் வாளா இருந்துவிடுகிறோம். அது சிறிய சங்கங்களும் செய்யத்தக்க பணியே. சில வேளைகளில் சிறிய சங்கங்களால் மட்டுமே செய்யத்தக்க பணி என்பதையும் இம்மாதம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

கோட்டை வாயிலில்

கிழக்கேகோட்டையில் காலை வேளையில் சிறிது நேரம் நிற்பவர்க்கு ஒரு காட்சி தவறாமல் கிடைக்கும். ஸ்ரீ பத்மநாபசுவாமி திருக்கோயிலுக்குள் ஆடவர் மேற்சட்டையின்றி வேட்டி உடுத்தியே புகவேண்டும் என்பது நெறி. கால்சட்டையுடன் வந்து இறங்கும் வெளியூர் அன்பர், பக்கத்துக் கடையில் வேட்டி ஒன்றைப் பெற்று இடுப்பில் சுற்றிக்கொண்டு, அது நழுவாதபடி ஒரு கையால் பிடித்தவாறே நடப்பார். உடை பற்றிய பழைய வழக்கம் இவ்வளவு உறுதியாக நிலைத்திருக்கும் இடங்கள் மிகச் சிலவே.

ஆயினும் நிலைத்திருப்பது உடுக்கும் வழக்கம். மறைந்து வருவது நெய்யும் கை. கோட்டையை அடுத்த சாலைக் கடைத்தெரு திவான் ராஜா கேசவதாசர் காலத்தில் உருவானது. தமிழ் வணிகர் பலர் தலைமுறை தலைமுறையாகக் கடை நடத்திய தெரு. ஓணம் நெருங்கும் நாள்களில் இங்கே கசவுக் கரையிட்ட துணிகள் அடுக்கடுக்காகக் காட்சியளிக்கும். அவற்றுள் விசைத்தறியில் நெய்தவையும் உண்டு. கைத்தறியில் நெய்தவையும் உண்டு. வாங்குவோர் கரையின் அகலத்தைக் கேட்பர், விலையைக் கேட்பர், சாயம் போகுமா என்றும் கேட்பர். நெய்தவர் யார் என்று கேட்பாரில்லை. நாமும் கேட்பதில்லை.

கேட்டிருப்போமாயின் வியப்பான விடை கிடைத்திருக்கும். இங்கிருந்து நாகர்கோவில் செல்லும் சாலையில் ஏறத்தாழ 15 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது பாலராமபுரம். கன்னியாகுமரி செல்லும் இரயிலில் ஏறுவோர் நேமத்தை அடுத்து இந்நிலையத்தைக் காணலாம். 1798 முதல் 1810 வரை திருவிதாங்கூரை ஆண்ட பாலராமவர்மா மகாராஜாவின் பெயரால் அமைந்த ஊர் இது. அரச குடும்பத்தினர்க்கு வேண்டிய மெல்லிய துணிகளை நெய்வதற்காக அம்மன்னரும் திவான் உம்மிணித் தம்பியும் தென்திசையிலிருந்து சாலியர் குடும்பங்களை வரவழைத்துக் குடியமர்த்தினர் என்பது வரலாறு. ஒற்றைத் தெரு, இரட்டைத் தெரு, விநாயகர் தெரு, புதுத் தெரு என்று அவர்கள் வாழ்ந்த தெருக்களின் பெயர்களே அவர்களது தாய்மொழி எதுவென்பதைச் சொல்லும். கேரளத்தின் அடையாளமாக உலகம் போற்றும் வெண்ணிறக் கசவுப் புடவையின் ஒரு பெரும் பிரிவு, நம்மைப் போலவே பிழைப்புக்காகக் குடிபெயர்ந்த தமிழ்க் குடும்பங்களின் கைத்திறனால் விளைந்தது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாமா?

குடிபெயர்தலும் நெசவும் இவ்வாறு பிணைந்திருப்பது புதிதன்று. மதுரையில் சுங்கடிக்குப் பெயர் தேடித் தந்த சௌராஷ்டிரர் வடக்கேயிருந்து வந்தவர்கள். கொச்சிப் பகுதியில் சேந்தமங்கலத்து நெசவை வளர்த்த தேவாங்கரும் வெளியிலிருந்து அழைத்துவரப்பட்டவர்களே. வீட்டையும் நிலத்தையும் விட்டு வந்தவர்கள் விடாமல் கொண்டுவந்தது கையில் இருந்த தொழிலை.

குழித்தறியும் கைநாடாவும்

பாலராமபுரத்து நெசவின் சிறப்பு அதன் தங்கக் கரையில் மட்டும் இல்லை. அது தறிக்கு வருமுன்பே தொடங்கிவிடுகிறது. பாவு நூலைத் தெருவின் நீளத்திற்கு விரித்துக் கட்டி, அரிசிக் கஞ்சி பாய்ச்சி, பலர் வரிசையாக நின்று தூரிகையால் ஒரே சீராக நீவி, தேங்காயெண்ணெய் தடவி உலர்த்துவர். விடியலுக்கு முன்னரே இவ்வேலை தொடங்கும். வெயில் ஏறிவிட்டால் கஞ்சி விரைந்து காய்ந்து இழை முறியும். மேகம் கவிந்தால் உலராது. ஒருவர் கை முந்தினாலும் பிந்தினாலும் பாவு முழுதும் கெடும். ஆகவே இது தனி மனிதன் செய்யும் வேலையன்று. ஒரு தெருவே சேர்ந்து செய்யும் வேலை. தெருவில் ஆள் குறைந்தால் வேலையும் குலையும்.

நெய்வது குழித்தறியில். தரையில் தோண்டிய குழிக்குள் கால்களை இறக்கி அமர்ந்து, மிதிபலகையை மிதித்து, நாடாவை ஒரு கையால் எறிந்து மறு கையால் பிடிப்பர். கயிற்றை இழுத்து நாடாவைப் பறக்கவிடும் தறியைவிட இது மெதுவானது. ஆனால் மண்ணின் ஈரம் நுண்ணிய பருத்தி இழையை அறுந்துபோகாமல் காக்கிறது; எறியும் கை ஊடையின் இறுக்கத்தைத் தானே அறிந்து அளவிடுகிறது. இவ்வாறு நெய்த துணியின் முன்புறமும் பின்புறமும் ஒன்றுபோல் தோன்றும். கசவும் அவ்வாறே இருபுறமும் ஒத்து ஒளிரும். புவிசார் குறியீடு பெற்றுள்ள இத்துணியின் உயிர் இந்த நுட்பத்தில்தான் இருக்கிறது. இந்நுட்பம் எந்தப் புத்தகத்திலும் முழுமையாக இல்லை, கையில் இருக்கிறது. கை ஓய்ந்தால் அதுவும் ஓய்ந்துவிடும்.

ஒரு கடினமான கேள்வி

இவ்விடத்தில் ஒரு கேள்வியை மறைக்காமல் எழுப்பியாக வேண்டும். மரபு அழியலாகாது என்று மேடையில் முழங்குவது எளிது. நம்முள் பெரும்பாலோர் மாதச் சம்பளம் வாங்குபவர்; நம் பிள்ளைகளைப் பொறியியலும் கணக்கியலும் படிக்க வைப்பவர். அப்படிப்பட்ட நாம், நெசவாளியின் மகன் மட்டும் குழியில் கால் இறக்கி அமர்ந்து குறைந்த கூலியில் மரபைக் காக்க வேண்டும் என்று கூறுவது அறமாகுமா?

ஆகாது என்பதே நம் துணிபு. பசியை எவருக்கும் பரம்பரைச் சொத்தாக்க நமக்கு உரிமையில்லை. இந்திய நாட்டில் 2009-10-இல் எடுத்த கைத்தறிக் கணக்கெடுப்பின்படி நெசவிலும் அதனைச் சார்ந்த தொழில்களிலும் இருந்தோர் ஏறத்தாழ 43.3 லட்சம் பேர். 2019-20-இல் எடுத்த கணக்கில் அத்தொகை 35.2 லட்சமாகக் குறைந்துள்ளது. இவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டோர் பெண்கள். விட்டுச் சென்றவர்கள் கலைமேல் வெறுப்புற்றுச் சென்றார்கள் என்று எவரும் சொல்லார். கணக்குப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை, சென்றார்கள்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று கூறுவதும் முறையன்று. சில துணி வகைகளைக் கைத்தறிக்கென ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. 2017 முதல் கேரள அரசு பள்ளிப் பிள்ளைகளுக்குக் கைத்தறிச் சீருடை வழங்கி வருவதால் பல தறிகளுக்கு வேலை கிடைத்தது. ஆயினும் சீருடைத் துணி நெய்யும் வேலை வேறு. நுண்ணிழையில் கசவுப் புடவை நெய்யும் வேலை வேறு. முன்னது வயிற்றைக் காக்கிறது. பின்னதன் நுட்பத்தைக் காக்க வேறு வழியும் தேட வேண்டும். அரசின் அமைப்புகள் என்றும் நிலைத்திருக்கும் என்பதற்கும் உறுதியில்லை. அகில இந்தியக் கைத்தறி வாரியமும் கைவினை வாரியமும் 2020-இல் கலைக்கப்பட்டன. ஓர் ஆணையால் தோன்றுவது மற்றோர் ஆணையால் மறையும். மக்கள் தாமே கூடி அமைப்பது அவ்வளவு எளிதில் மறைவதில்லை.

ஊசி முனையில் விடுதலை

நெசவைப் போலவே ஊசி வேலைக்கும் இத்தென்திருவிதாங்கூரில் ஆழ்ந்த வரலாறு உண்டு. நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் பணியில் இருந்த சார்லஸ் மால்ட் என்பவரின் மனைவியார் மார்த்தா மால்ட் அம்மையார், 1820-களின் தொடக்கத்தில் தம் பெண்கள் பள்ளியில் ரேந்தை பின்னும் தொழிலைக் கற்பித்தார். லேஸ் என்று நாம் வழங்கும் இதனை, திண்டு ஒன்றின்மேல் ஊசிகளைக் குத்தி, சிறு கட்டைகளில் சுற்றிய நூல்களை மாற்றி மாற்றிப் பின்னிச் செய்வர். கண்ணும் விரலும் பொறுமையும் ஒன்றுகூடினாலன்றி ஒரு விரற்கடை ரேந்தையும் உருவாகாது.

அன்று இந்நாட்டில் அடிமை முறை இருந்தது; 1855-இல்தான் அது சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. பள்ளியில் ரேந்தை பின்னிய பெண்களுள் அடிமைக் குடியிற் பிறந்தவரும் இருந்தனர். பின்னல் விற்ற பணத்தால் அவர்களுள் சிலர் தம் விடுதலையையே விலைக்கு வாங்கினர் என்று மிஷன் வரலாறுகள் கூறுகின்றன. மேலும், மார்பை மறைத்து ஆடை அணியும் உரிமைக்காக இதே மண்ணின் பெண்கள் பல்லாண்டுகள் அடியும் இழிவும் பட்டுப் போராடினர். 1859-ஆம் ஆண்டுப் பிரகடனம் அப்போராட்டத்தில் ஒரு மைல்கல். ஆகவே, இங்கே தையலும் துணியும் பொழுதுபோக்கல்ல. மானத்தோடும் விடுதலையோடும் தொடர்புடையவை. நம் வீட்டுப் பெட்டிகளில் பழைய நாகர்கோவில் பின்னல் ஒன்று இருக்குமாயின், அதனை மேசை விரிப்பு என்று மட்டும் நினையாதிருப்போமாக.

இதற்கு மறுபுறமும் உண்டு. ஆந்திரத்தின் நரசாபுரம் பகுதியிலும் மிஷன் பெண்மணிகளால் ரேந்தைத் தொழில் அறிமுகமாயிற்று. காலப்போக்கில் அது பெரும் ஏற்றுமதி வாணிகமாக வளர்ந்தது. ஆனால் 1982-இல் மரியா மீஸ் என்ற ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட ஆய்வு நூல் என்ன கூறிற்று? வீட்டிற்குள் இருந்து பின்னும் பெண்களை யாரும் தொழிலாளர் என்றே எண்ணவில்லை. ஓய்வு நேரத்தில் செய்யும் வேலை என்று சொல்லி மிகக் குறைந்த கூலி தந்தனர். ஊதியத்தின் பெரும்பகுதி இடைநின்ற வணிகர்க்கும் ஏற்றுமதியாளர்க்கும் போயிற்று என்பதாம். தர்மமாகத் தொடங்கியது சுரண்டலாக முடியக்கூடும் என்பதற்கு இது சான்று. கலையைக் காப்பதாகக் கூறும் எந்தச் சங்கமும், கலைஞருக்கு என்ன கிடைத்தது என்ற கணக்கை முதலில் காட்ட வேண்டும்.

சிறு கைகள் செய்தவை

சிறிய அமைப்புகள் இத்துறையில் என்ன செய்துள்ளன என்பதைச் சிறிது நோக்குவோம்.

இங்கிலாந்தில் 1906-இல் தையற்கலைப் பள்ளியில் பயின்ற பதினாறு பேர் கூடிப் பூத்தையலார் சங்கம் ஒன்றை அமைத்தனர். அதனினும் நமக்குப் பாடமாகத் தக்கது ஸ்காட்லாந்தில் 1934-இல் நான்கு கலைப் பள்ளிகள் கூடித் தொடங்கிய தையல் வளர்ச்சித் திட்டம். நூல் ஆலை நடத்திய ஒரு கம்பெனி தன் பெயரை வெளியிடாமல் அதற்குப் பொருள் உதவியது. அவர்கள் மாளிகை எதுவும் எழுப்பவில்லை. பல நாட்டுத் தையல் வேலைகளைச் சேகரித்து, பள்ளிகளுக்கும் பெண்கள் சங்கங்களுக்கும் கடனாக அனுப்பி வைத்தனர். மாணவியர் அவற்றைக் கையில் எடுத்துப் பார்த்து, திருப்பிப் பின்புறத்தையும் ஆராய்ந்து கற்றனர். போரினால் 1939-இல் நின்றுபோன திட்டம் 1944-இல் மீண்டும் எழுந்தது. 1961-இல் அது முடிவடைந்தபோது சேர்ந்திருந்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொருள்களைப் பல காட்சிசாலைகளுக்கும் கல்வி நிலையங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தனர். நிறுவனம் மறைந்தது; பொருள்கள் வாழ்கின்றன. முடிவையும் முறையாக நடத்துவது எவ்வாறு என்பதற்கு இதுவே இலக்கணம்.

நம் நாட்டிலும் முன்னோடிகளுக்குக் குறைவில்லை. கொழும்பிற் பிறந்த தமிழரான ஆனந்த குமாரசாமி அவர்கள் அளித்த யோசனையே 1949-இல் அகமதாபாதில் காலிகோ துணிக் காட்சிசாலை தோன்றக் காரணமாயிற்று என்பர். கமலாதேவி சட்டோபாத்யாய அம்மையார் 1964-இல் தொடங்கிய இந்தியக் கைவினைக் கழகம் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டது. நீலகிரியில் தோடர் பெண்கள் வெள்ளைத் துணியில் இழைகளை எண்ணி எண்ணிச் சிவப்பும் கறுப்புமாகச் செய்யும் பூவேலைக்கு, வரைந்த கோடும் இல்லை, சட்டமும் இல்லை, எண்ணிக்கையே எல்லாம். சில ஆயிரம் பேர் கூட இல்லாத அச்சமூகத்தின் நலச் சங்கமும், கோத்தகிரியில் இயங்கும் தொண்டு நிறுவனம் ஒன்றும், தமிழக அரசின் பூம்புகார் நிறுவனமும் கைகோத்து முயன்றதன் பயனாக 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

எல்லாவற்றிலும் நம் நெஞ்சைத் தொட்டது சேந்தமங்கலத்துச் செய்தி. 2018 ஆகஸ்டில் பெருவெள்ளம் வந்தபோது அவ்வூர்த் தறிகள் மூழ்கின. ஓண விற்பனைக்கென அடுக்கி வைத்திருந்த துணிகள் சேற்றில் ஊறின. எரிப்பதைத் தவிர வழியில்லை என்று எண்ணிய நிலையில், லட்சுமி மேனன், கோபிநாத் பாறையில் என்ற இருவர் அத்துணிகளைத் தூய்மை செய்து சிறு பொம்மைகளாக்கும் எண்ணத்தை முன்வைத்தனர். சேற்றில் பிறந்த குழந்தை என்னும் கருத்துப்பட அதற்குச் சேக்குட்டி என்று பெயரிட்டனர். ஒரு புடவையில் 360 பொம்மைகள். பொம்மை ஒன்று 25 ரூபாய். ஆயிரத்துச் சில நூறு ரூபாய் பெறும் புடவை, கறைபட்டபின் 9,000 ரூபாய் ஆயிற்று. பொம்மைகளைச் செய்தோர் பல ஊர்களிலும் இருந்த தன்னார்வத் தொண்டர்கள். பணம் சென்றது நெசவாளருக்கு. கறையை அவர்கள் மறைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும், கறையையே கதையாக்கினார்கள்.

துணி, கை, பெயர்

இவற்றையெல்லாம் ஒருங்கு வைத்து எண்ணும்போது, காக்க வேண்டியவை மூன்று என்பது புலனாகிறது. ஒன்று துணி, மற்றொன்று அதைச் செய்யும் கை, மூன்றாவது செய்தவரின் பெயர். துணியைக் காட்சிசாலை காக்கும். கையை நியாயமான விலை காக்கும். பெயரைக் காப்பார்தாம் அரியர்.

இரயில்வேயில் எழுத்தர் பணி செய்யும் நமக்கு இதில் ஓர் அனுபவம் உண்டு. பார்சல் அறைக்கு வரும் மூட்டையில் சீட்டு ஒட்டியிருந்தால் அது எத்தனை சந்திப்பு மாறினாலும் உரியவரைச் சென்றடையும். சீட்டு கிழிந்துவிட்டால், உள்ளே பட்டே இருந்தாலும் அது உரிமை கோரப்படாத பொருள். சில காலம் மூலையில் கிடந்து பின் ஏலத்திற்குப் போகும். நம் வீட்டுப் பெட்டிகளில் இருக்கும் பழந்துணிகள் யாவும் சீட்டு இழந்து கொண்டிருக்கும் மூட்டைகளே. இது எந்த ஊர் நெசவு, எந்தத் திருமணத்திற்கு வாங்கியது, இந்தப் பின்னலை இட்டவர் யார் என்பவற்றை அறிந்தவர்கள் எண்பதைக் கடந்த நம் மூதாட்டியர். அவர்களுக்குப்பின் அவை வெறும் பழைய துணி, பாத்திரத்துக்குப் போட்டுவிடுவார்கள்.

நம்மால் ஆவது

சங்கத்தின் அன்பர்கள் முன் சில யோசனைகளை வைக்கிறோம்.

முதலாவது, ஒரு பதிவேடு. குடும்பத்திற்கு ஒரு பக்கம் போதும். துணியின் நீள அகலம், ஊர், ஏறத்தாழ வாங்கிய ஆண்டு, நெய்தவர் அல்லது தைத்தவர் பெயர் தெரிந்தால் அது, உடுத்தவர் யார், எந்த நிகழ்ச்சிக்கு என்ற விவரங்களை, மூத்தோர் சொல்லச் சொல்லப் பள்ளி மாணவர்கள் எழுத வேண்டும். துணி அந்தந்த வீட்டிலேயே இருக்கலாம். பெயர் மட்டும் சங்கத்தில் இருக்கட்டும். இதற்கு ஒரு நோட்டுப் புத்தகத்தின் விலைக்குமேல் செலவில்லை.

இரண்டாவது, ஒரு பெட்டி. மனமுவந்து கொடுப்போரிடமிருந்து கைத்தறித் துணி, ரேந்தை, சுங்கடி, பூத்தையல் என வகைக்கு ஒன்றாகப் பெற்று, ஒரே ஒரு பெட்டியில் வைத்து, நகரத்துப் பள்ளிகளுக்கு மாற்றி மாற்றி அனுப்பலாம். ஸ்காட்லாந்தார் செய்தது இதுவே. கண்ணாடிக்குள் வைத்துக் காண்பதைவிட, கையிலெடுத்துப் பின்புறத்தைப் பார்த்த பிள்ளை என்றும் மறவாது.

மூன்றாவது, நேரடிக் கொள்முதல். ஓணத்திற்கும் பொங்கலுக்கும் நாம் எப்படியும் துணி வாங்குகிறோம். பல வீட்டார் சேர்ந்து மூன்று மாதங்களுக்கு முன்பே பாலராமபுரத்து நெசவாளர் கூட்டுறவுச் சங்கம் ஒன்றில் சொல்லி வைத்து, முன்பணமும் கொடுத்து, பேரம் பேசாமல் வாங்குவோமாயின், தறியில் அமர்ந்திருப்பவருக்கு நாளைய வேலை இன்றே உறுதியாகும். துணியின் மூலையில் நெய்தவர் பெயரை எழுதித் தரும்படியும் கேட்போம்.

நூறு குடும்பங்கள் மாதம் பத்து ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 12,000 ரூபாய் சேரும். இதனால் ஒரு நெசவாளியின் குடும்பத்தைக் காப்பாற்றிவிட முடியாது. அப்படிச் சொல்வது பொய். ஆனால் கைதேர்ந்த ஒரு முதியவரை ஆண்டில் சில நாள் அழைத்து, அவருடைய நாளுக்குரிய ஊதியத்தைக் கொடுத்து, கற்க விரும்பும் நம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் கற்பிக்கச் செய்யலாம். பிறப்பால் நெசவாளராக இருப்பவர்தாம் கற்க வேண்டும் என்பதில்லை. பாலராமபுரத்தைச் சுற்றிலும் சாலியர் அல்லாத குடும்பத்தினரும் பெண்களும் இத்தொழிலைக் கற்று நடத்துகின்றனர். கலை ஒரு குலத்தின் சுமையாக இல்லாமல், விரும்புவோரின் செல்வமாகும்போதுதான் வாழும்.

இல்லத்தரசியருக்கு ஒரு குறிப்பு

பதிவேடு வரும்வரை பெட்டியிலுள்ள பழந்துணிகளைக் கெடாமல் வைக்கும் முறையைச் சுருக்கமாகச் சொல்லி முடிக்கிறோம். இரு பருவமழையும் பெய்யும் இவ்வூரின் ஈரமே துணிக்கு முதல் பகை.

பருத்தித் துணியைக் கஞ்சியோடு வைத்தல் ஆகாது. கஞ்சியை நாடி இராமபாணப் பூச்சி வரும். கஞ்சி போக நன்னீரில் அலசி, நிழலில் முற்றும் உலர்த்திய பின்னரே மடிக்க வேண்டும். பழைய பட்டையும் சரிகைத் துணியையும் வீட்டில் நனைக்க வேண்டா. காற்றாட விட்டால் போதும். நெகிழிப் பையும் செய்தித்தாளும் வேண்டா; பலமுறை துவைத்து மெதுவான வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வைக்கலாம். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை பிரித்து, பழைய மடிப்பின்மேல் மடியாமல் வேறு இடத்தில் மடிக்க வேண்டும். இல்லையேல் மடிப்போரத்தில் சரிகை முறிந்து துணி கிழியும். பூச்சியுருண்டை சரிகையில் படக்கூடாது, சரிகை கறுத்துவிடும். உலர்ந்த வேப்பிலையைத் தனிப் பையில் கட்டித் துணியில் படாமல் ஓரத்தில் வைக்கலாம். குண்டூசி குத்தினால் துருக்கறை ஏறும். விவரச் சீட்டை நாடாத் துணியில் எழுதி, மூலையில் இரண்டு தையல் போட்டு வைப்பதே சிறந்தது.

அந்த இரண்டு தையலை இம்மாதமே போட்டுவிடுங்கள் என்று அன்பர்களை வேண்டுகிறோம். சங்கம் கூடிப் பதிவேடு திறக்க நாளாகலாம். பாட்டியிடம் கேட்பதற்கு நாள் பார்க்க வேண்டுவதில்லை. இன்று மாலையே பெட்டியைத் திறந்து அவர்முன் வைத்து, இது யார் நெய்தது என்று கேளுங்கள். அவர் சொல்லும் விடையை அப்படியே எழுதி, துணியோடு சேர்த்துத் தைத்து வையுங்கள். எழுதியதன் படி ஒன்றைச் சங்கச் செயலாளரிடம் சேர்ப்பித்தால், பதிவேட்டின் முதற் பக்கம் அதனாலேயே நிறையும்.